இரண்டாம் பாகத்து மாப்பிள்ளை

தயாளினிக்கு எழுத்து முடிந்து இரண்டு வருசமாகிறது. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். சட்டத்தின் கண்ணுக்கு அவள் கீர்த்திகனின் மனைவி. ஊரின் கண்ணுக்கு இன்னும் அருமைநாயகியின் குமர்ப் பிள்ளை. தாலி ஏறாத பெண்ணைப் புருசனோடு தனியே விடுகிற வழக்கம் இணுவிலில் கிடையாது. கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்த கீர்த்திகன் கையெழுத்துப் போட்டான், படம் எடுத்தான், மாமியார் பின்னாலேயே வர அவளை நல்லூருக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் கூட்டிப்போனான், திரும்பிப் பறந்துவிட்டான். விசா கிடைத்ததும் மறுபடி வந்து கந்தசுவாமி கோவிலில் தாலி கட்டிக் கையோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு. விசா என்ன முருங்கைக்காயா, நினைத்த நேரத்துக்குப் பிடுங்க?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீடியோவில் அழைப்பு எடுப்பான். தயாளினி பேசும்போது அம்மா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பக்கம் அவனுடைய அறைத் தோழர்கள் பின்னால் நடமாடுவார்கள். சாப்பிட்டீரோ, ஓம், அங்கை குளிரோ, ஓம் சரியான குளிர், விசா பைல் என்ன மாதிரி, இன்னும் நகரேல்லை, சரி பிறகு கதைப்பம். நம் ஆண்கள் மனைவியோடு தொலைபேசியில் பேசுவதை யாராவது ஒட்டுக்கேட்டால், தண்ணீர்க் குழாய் உடைந்ததற்கு முறைப்பாடு கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பாசம் இல்லாமல் இல்லை. அது வெளியே வருகிற வழியை யாரும் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இருவருக்கும் தனியே சந்திக்க ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் எஸ்மாரா. கம்ப்யூட்டர் விளையாட்டுத்தான். வாளும் மந்திரமும் பறக்கும் நாகங்களும் உள்ள ஒரு தேசம்; விளையாடுகிறவர் அதற்குள் ஓர் ஆளாகப் புகுந்து வருசக்கணக்காக வாழலாம். கீர்த்திகன்தான் அனுப்பி, "சும்மா பாரும்" என்றான். அவள் சும்மா பார்க்கவில்லை. பல்கலைக்கழகம் முடித்து, அரச வேலைக்கு நியமனம் வருமென்று வீட்டில் இருந்தவளுக்கு அது வேலை மாதிரி ஆகிவிட்டது. வில் எடுத்தால் குறி தப்பாது. மலைக்குகை நாகத்தை அவள் எய்து விழுத்தியபோது கீர்த்திகன் கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு பாறைக்குப் பின்னால் நின்றான். அதைச் சொல்லி அவனைக் கேலி செய்வது அவளுக்கு நல்ல விருப்பம்.

அங்கேயும் அவர்கள் கலியாணம் செய்துகொண்டார்கள். மலையுச்சியில் ஒரு கல் மேடை, தாடி வைத்த ஒரு பூசகர், துணைக்கு ஒருவரும் இல்லை. ஆற்றங்கரையில் ஓர் அறை வீடு கிடைத்தது. வாயால் பேசினால் அம்மாவுக்குக் கேட்கும் என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டிப் பேசினார்கள். சண்டை நேரத்தில் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று கீர்த்திகன் தனக்குத் தேவையான வசனங்களை முதலே எழுதிப் பொத்தான்களில் போட்டு வைத்திருந்தான். அவன் விளையாட்டை விட்டுப் போனால் அவனுடைய உருவம் வாசலில் நட்ட கட்டைபோல் நிற்கும், கண்ணும் சிமிட்டாது. ஆள் இல்லை என்று அவள் அதை வைத்து அறிந்துகொள்வாள்.

போன வருசக் கடைசியில் இரண்டாம் பாகம் வந்தது.

இரண்டாம் பாகம் செய்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. முதல் பாகத்தில் சனம் எதைக் கொண்டாடியதோ அதைக் கைவிடவும் மாட்டார்கள், இருந்தபடி விட்டு வைக்கவும் மாட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்து, ஊதிப் பெருப்பித்து, நாலு கொம்பு வைத்து அனுப்புவார்கள். எஸ்மாராவிலும் அதுதான் நடந்தது. தனியாகப் பறந்த நாகம் இப்போது குஞ்சுகளோடு வந்தது. ஓட மட்டும் தெரிந்த குதிரை இப்போது தீனி பிந்தினால் கோபித்தது, குட்டியும் போட்டது. அறை வீட்டுக்கு மாடி கட்டலாம், கிணறு வெட்டலாம், தோட்டம் வைக்கலாம். பழைய பாகத்தில் சேர்த்த பொருள், பட்ட காயம், கட்டிய பெண்டாட்டி எல்லாவற்றையும் புதியதுக்குக் கொண்டுபோகலாம். கலியாணமும் திரும்பி வருகிறது, முன்னையிலும் பெரிதாக வருகிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. தயாளினி நாகத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தாள். தொடங்கும்போது திரையில் பெட்டி பெட்டியாக ஏதோ கேட்டது. பெட்டி எதைக் கேட்டாலும் வாசியாமல் ஓம் என்று அமத்துகிற ஆட்கள்தானே நாமெல்லாரும், அவளும் அமத்தினாள்.

அதற்குப் பிறகு கீர்த்திகன் மாறிவிட்டான்.

இணுவிலில் விளக்கு வைக்கிற நேரம் அவனுக்குக் காலை, பண்டகசாலையில் இரவு வேலை முடிந்து வருகிற நேரம். முன்பெல்லாம் கிழமையில் இரண்டு நாள் வருவான், அதிலும் அரைவாசி நேரம் தூங்கி விழுவான். இப்போது அவள் எந்த நாள் திறந்தாலும் அவன் அவளுக்கு முன்னமே வந்து நின்றான். மாடிக்குச் சுவர் எழுப்பினான். அவள் கேட்காமலே கிணற்றடியில் வாழை வைத்தான். கேட்டதற்கு உடனே மறுமொழி சொன்னான், சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பெயருக்கு அருகே சின்னதாய் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டாம் பாகத்துச் சோடனைகளில் அதுவும் ஒன்று என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில் அவள் சந்தோசமாக இருந்தாள். இதை மறைக்க ஒன்றுமில்லை. தாலி இல்லாமல், கண்ணால் காணாமல், ஒரு மனிதன் தன்னைக் கவனமாக வைத்திருக்கிறான் என்று நினைத்து அவள் மனம் நிறைந்து போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் வழக்கம்போலக் குளிரைப் பற்றிப் பேசும்போது, மாமியார் பக்கத்தில் இருப்பதால் நடிக்கிறான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மாசி மாதம் நியமனம் வந்தது. கரவெட்டிப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் உத்தியோகம். அரச உத்தியோகம் என்றால் யாழ்ப்பாணத்தில் அதன் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. அதற்காக நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் உடனே வேலையில் சேர வேண்டும், சேர்ந்தால் அவ்வளவு எளிதில் விட்டுப் போகவும் முடியாது. விசா இன்றோ நாளையோ என்று நிற்கிறது. அம்மாவிடம் கேட்டாள். "நான் என்னத்தைச் சொல்ல, பிள்ளை. இனி அந்தத் தம்பிதானே உனக்கு எல்லாம், அவரைக் கேள்" என்றார் அம்மா.

அவள் எஸ்மாராவின் ஆற்றங்கரையில் கேட்டாள். நீளமாக எழுதிக் கேட்டாள். தனக்கு வேலை செய்ய ஆசை என்று எழுதினாள். கனடாவுக்கு வரப் பயமாக இருக்கிறது, அங்கே தன் படிப்புக்கு மதிப்பிருக்குமோ தெரியாது என்றும் எழுதினாள். ஒருவரிடமும் சொல்லாத விசயம் அது. கீர்த்திகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கவலைப்படாதேயும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "பைல் வரும். நான் இருக்கிறன்" என்றான்.

மறுநாள் தயாளினி பேருந்தில் போய், நியமனம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் தன்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கிறான் என்று நினைத்து, அதற்காகவும் அவனில் ஒரு பிடி பாசம் கூடுதலாக வைத்தாள்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை பின்னேரம். அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். தயாளினி எஸ்மாராவில் குதிரைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கீர்த்திகன் ஏணி வைத்து மாடிக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தான். கைத்தொலைபேசி அடித்தது. அதிலும் கீர்த்திகன்.

"தயா, ஈமெயில் வந்திட்டுது. விசா ஓம்."

"உண்மையாவோ?"

"உண்மைதான். இப்பத்தான் லோயர் சொன்னவர். வேலையாலை வாறன், ரோட்டெல்லாம் வாகனம், அசையேலாமல் நிக்கிறன். அதுதான் எடுத்தனான்."

திரையில் அவன் கூரையில் ஓலை பரப்பிக்கொண்டிருந்தான். காருக்குள்ளிருந்து எப்படி விளையாடுகிறான் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த சந்தோசத்தில் அது நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

"நல்லகாலம், நீங்கள் சொன்னபடி அந்த வேலையை வேண்டாமெண்டு குடுத்திட்டன்" என்றாள்.

"எந்த வேலை?"

"கரவெட்டி வேலை."

"உமக்கு வேலை கிடைச்சதோ? எப்ப?"

"மாசியிலை. நான் கேட்டனான்தானே. கவலைப்படாதேயும், பைல் வரும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"எங்கை வைச்சு?"

"எங்கடை வீட்டிலை. ஆத்தங்கரையிலை."

திரையில் கீர்த்திகன் ஏணியால் இறங்கி, அவளுக்கு நேரே நடந்து வந்து நின்று, சாப்பிட்டீரோ என்று கேட்டான்.

"தயா" என்றான் தொலைபேசியில் இருந்தவன், "நான் அதுக்குள்ளை வந்து கனகாலம். ரெண்டாம் பாகம் வந்த கிழமை வந்து பார்த்ததுதான். பிறகு ரெண்டு வேலையாப் போச்சு, வந்தால் படுக்கத்தான் நேரம்."

"அப்ப இதிலை நிக்கிறது ஆர்?"

"அது நிழல். புதுசா விட்டிருக்கிறாங்கள். முந்தி நாங்கள் போனால் சும்மா நிக்கும், இப்ப எங்களுக்குப் பதிலா வேலை செய்யும், கதைக்கும். என்ர நிழல் நிக்கட்டோ எண்டு கேட்டது, நான் ஓம் எண்டு குடுத்திட்டன். உமக்குத் தெரியுமெண்டு நினைச்சன். பேருக்குப் பக்கத்திலை விளக்கு எரியுமே."

"நான் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னது."

"அது முதல் பாகத்திலை நான் போட்டு வைச்ச வசனங்கள். அதுகளைத்தான் எடுத்துச் சேர்த்துச் சொல்லுது."

தயாளினி கணக்குப் பார்த்தாள். சுவர், வாழை, ஆற்றங்கரையில் இருந்த பின்னேரங்கள், அழுதுகொண்டே தட்டிய அந்த நீளக் கடிதம். ஒன்றிலும் ஒருவரும் இருக்கவில்லை. விடுகிற பிழையிலும் ஊருக்கென்று ஒரு பிழை உண்டு. வேறு தேசத்துப் பெண்ணாக இருந்தால், என்னடா இவன் ஒரே நாலு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறான் என்று இரண்டாம் நாளே பிடித்திருப்பாள். இவளுக்கு அது புருசன் பேசுவது போலவே இருந்தது.

"நீங்கள் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?" என்று கேட்டாள்.

கீர்த்திகன் கெட்டவன் அல்ல. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தான்.

"நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றான்.

இன்னொருத்தியோடு போயிருந்தால் கத்தலாம். ஏமாற்றியிருந்தால் அழுது ஊரைக் கூட்டலாம். இவன் தூங்கிக்கொண்டிருந்தான், இவளோடு வாழப்போகிற வீட்டுக்காக இரண்டு வேலை செய்து, களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தான். அதை எப்படிக் குற்றம் என்பது? தொலைபேசியை வைத்துவிட்டு அவள் அப்படியே எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை பேருந்தேறிக் கரவெட்டிக்குப் போனாள். அலுவலகத்தில் மகாதேவி என்ற ஓர் உத்தியோகத்தர் அவளை இருத்தித் தேநீர் தருவித்தார். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வந்து சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் என்றார்.

"நீங்கள்தானே, பிள்ளை, வேண்டாமெண்டனீங்கள். வீட்டுக்காரர் சொன்னவர் எண்டும் சொன்னனீங்கள்."

"ஓம். ஆனா அவர் சொல்லேல்லை."

இதை எந்த மேசைக்கு அனுப்புவது என்று மகாதேவிக்குத் தெரியவில்லை, பாவம். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே கலியாணக் களை. அம்மா ஐயரிடம் போய் ஆவணியில் ஒரு முகூர்த்தம் கேட்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டார், மாமிமார், லண்டன் சித்தி, எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. தயாளினி குசினிக்குள் போய் நின்றாள்.

"அம்மா, இவ்வளவு நாளும் என்னோடை கதைச்சது அவர் இல்லை."

அருமைநாயகி தேங்காய் துருவுவதை நிறுத்தினார். "வேறை ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"ஒருத்தருமில்லையெண்டால் பிறகென்ன? நான் பயந்துபோனன்" என்று அம்மா மறுபடி துருவத் தொடங்கினார்.

அவள் விளங்கப்படுத்திப் பார்த்தாள். நிழல் என்றாள், விளக்கு என்றாள், வேலையைச் சொன்னாள். அம்மா பொறுமையாகக் கேட்டார். வேலை போனது மனவருத்தம்தான், ஆனால் விசா வந்துவிட்டதே, வந்த இடத்தில் இனி வேலையை வைத்து என்ன செய்வது என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாருடைய பேச்சும் நியாயமாக இருந்ததால் தயாளினிக்கு மூச்சு முட்டியது. தான் யாரைக் கட்டப்போகிறேன் என்று தெரியாமல் இருக்கிறது என்பதைத்தான் அவள் சொல்ல வந்தாள். அதைக் கேட்க அந்த வீட்டில் ஒரு காது இல்லை.

கீர்த்திகன் எடுத்தபோது அவள் பேசவில்லை. அவன் அருமைநாயகிக்கு எடுத்தான். அவள் யன்னலடியில் நின்று கேட்டாள்.

"கோவமோ? அவளுக்கு ஒரு கோவமுமில்லை, தம்பி" என்று அம்மா சொன்னார். "வெக்கம். நீங்கள் பிளேன் ரிக்கெற்றைப் போடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்றை முடிவு செய்துகொண்டு, தயாளினி எஸ்மாராவைத் திறந்தாள். இரண்டாம் பாகம் கலியாணத்தைப் பெரிதாக்கியபோது பிரிவையும் அதில் சேர்த்திருந்தது. முதல் பாகத்தில் அது இருக்கவில்லை. இந்த உலகத்தில் தன்னால் ஒன்றையும் நிறுத்த முடியாவிட்டாலும் அந்த உலகத்திலாவது மலைக்குப் போய், வேண்டாம் என்று ஒரு தரம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சொல்லிப் பழகினால் பிறகு தொலைபேசியிலும் சொல்ல வரும் என்று நம்பினாள். அதைத் தவிர அவளிடம் வேறு வழி இருக்கவில்லை.

புதன்கிழமைக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. அவள் இல்லாத நாட்களில் நடந்தவற்றைத் திரை முதலில் வரிசையாகக் காட்டியது. கூரை முடிந்துவிட்டது. குதிரை குட்டி போட்டிருக்கிறது. வாழை குலை தள்ளியிருக்கிறது. குதிரைக்குத் தீனி போட்டது யார்? அன்றைக்கு வாசியாமல் ஓம் என்று அமத்திய பெட்டிகளில் அவளுடைய நிழலுக்கான சம்மதமும் இருந்திருக்கிறது.

இரண்டு நிழல்களும் அந்த வீட்டில் இருந்திருக்கின்றன. என்ன பேசின என்பதும் அங்கே இருந்தது. புதன்கிழமை அவள் ஒரு சொல்லும் இல்லாமல் எழுந்து போனதால், பிணக்கு என்று விளையாட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. அவன் நிழல் வந்து, குறை நினையாதேயும் என்று கேட்டிருக்கிறது. அவள் நிழல், "ஓம், பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறது. அவன் தூங்கி விழுந்த நேரங்களிலும், வராமல் விட்ட நாட்களிலும், பைல் நகராத மாதங்களிலும் அவள் தன் கையால் தட்டிய சொல்தான் அது. அவளைக் கேட்டால் இத்தனை தரம் தட்டியிருப்பேன் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். நிழலுக்கு அது நன்றாகப் பாடமாகியிருந்தது.

பிறகு திரை விலகியது. இரண்டும் ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குட்டி அவற்றைச் சுற்றி ஓடியது. பார்க்க அழகாக, ஒரு குறையும் இல்லாத குடும்பமாக இருந்தது. தயாளினி தன் உருவத்தை நிழலிடமிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மலைக்குப் போனாள். அவன் நிழலும் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது. தாடிப் பூசகர் என்ன வேண்டும் என்று கேட்டார். அவள் பிரிவைத் தெரிந்தெடுத்தாள். இதற்கு இருவரும் நேரில் வந்து சம்மதிக்க வேண்டும், நிழலின் சம்மதம் செல்லாது என்று எழுத்து வந்தது. மன்னிப்புக் கொடுக்க நிழலுக்கு அதிகாரம் இருக்கிறது. பிரிவதற்கு இல்லை. பக்கத்தில் நின்ற கீர்த்திகன், "கவலைப்படாதேயும்" என்றான்.

அவள் அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தினாள். திரும்பத் திரும்ப அதே எழுத்து வந்தது.

அறைக் கதவு திறந்தது. அம்மா தொலைபேசியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "தம்பி நிக்கிறார். எத்தினை நாளைக்குப் பேசாமல் இருப்பாய், கதை" என்று சொல்லி அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்தார். சின்னத் திரையில் கீர்த்திகன் இருந்தான். சவரம் செய்து, தலை வாரி இழுத்து, நல்ல சேட்டுப் போட்டிருந்தான். கண்ணுக்குக் கீழே நித்திரை இல்லாத கருமை. பாடமாக்கி வைத்ததை மறந்தவன்போல் திணறினான்.

"தயா, நான் செய்தது பிழைதான். அங்கை வந்திருக்க வேணும். நீர் என்ன சொன்னாலும் கேக்கிறன். வேண்டாமெண்டால் அதையும் சொல்லும், நான் கேக்கிறன்."

இப்போதுதான் முதல் தரமாக அவன் கேட்டான். இவ்வளவு நாளும் அவள் ஏங்கியது இந்த ஒரு கேள்விக்குத்தான். சொல்ல நிறைய இருந்தது. மாசி மாதத்தில் எழுதியது முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், பயத்தைச் சொல்ல வேண்டும், கரவெட்டியைச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றோ கொஞ்சக்காலம் பொறுங்கள் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லவே வேண்டும். தயாளினி வாயைத் திறந்தாள்.

"ஓம், பரவாயில்லை" என்றாள்.

அம்மா நிம்மதியாகத் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, கூறைச் சேலைக்கு என்ன நிறம் என்று மருமகனிடம் கேட்கத் தொடங்கினார்.